அடி பொய், சிரிப்பு நெசம்

எங்க ஊரு மார்க்கையன்கோட்டை. சின்னமனூர் பக்கம். கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லுன்னு பெருமையாக் கணக்குச் சொல்லுவாக. நாத்து நடுறதும் கதிரறுக்கிறதும் எங்க தெரு. எங்க தெருவுக்கு அதுல ஒரு செண்டு கிடையாது.

காளியம்மன் கும்பிடுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு ஸ்பெஷல் நாடகம் வைப்பாக. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இறந்துபோனார். அவர் நாடகங்கள் இன்னும் ஆடப்படுகின்றன. இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் எல்லாரும் தனித்தனியாகப் பேசி வருகிறவர்கள். ஒத்திகையும் கிடையாது. முருகன் மேடைக்கு வர நடுச்சாமம் ஆகிவிடும். அதுவரைக்கும் பபூனும் டான்சுந்தான்.

அதில் புருசன் பொண்டாட்டி சண்டை ஒன்று வரும். 'அடிபிடி' என்பார்கள். புருசன் அடிக்கலாமா, பொண்டாட்டி அடிக்கலாமா என்று வாதம். இவன் ஒரு அறை விடுவான், அவள் ஒரு மிதி மிதிப்பாள். அடிக்கொரு தட்டு மத்தளத்தில் விழும். தெருவே சிரிக்கும்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம் உக்காந்திருந்தாக. நான் ஆத்தா மடியில. முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு ஆத்தா சிரிச்சா. குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அன்னைக்குச் சாயங்காலந்தான் குழம்புல உப்பு இல்லைன்னு அய்யா அவள அடிச்சிருந்தாரு. கன்னம் வீங்கியிருந்துச்சு. அன்னைக்குக் காலையில, கூலி கூடக் கேட்டதுக்கு வரப்புல நிக்க வச்சு அய்யாவ ஒரு சம்சாரி சாதியச் சொல்லி வைஞ்சிருந்தாரு. ரெண்டையும் பார்த்தவன் நான். நானுஞ் சிரிச்சேன்.

1995 பொங்கலுக்கு நாங்களே நாடகம் போடக் கிளம்பினோம். இரவுப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எட்டுப் பேர். கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' பற்றிப் பேசிப் பேசிச் சூடேறியிருந்த நேரம். அதில் ஆணுக்கு வந்த பலி அவன் மனைவி தலையில் விழுகிறது. ஆனால் நாங்கள் எழுதியதோ வரப்புச் சண்டை. சம்சாரி வைவான், கூலிக்காரன் எதிர்த்து நிப்பான், பறை முழங்கும், முடிஞ்சது. வேடிக்கைக்கு நடுவில் ஒரு 'அடிபிடி'யும் சேர்த்துக்கொண்டோம்.

ஒத்திகையை எட்டிப் பார்த்த எங்க சின்னம்மா கேட்டுச்சு: "ஏப்பா, வரப்புல வாங்குனத வீட்டுல வந்து எறக்கி வைக்கிறாகளே, அது எங்க? அதத்தான் காமெடியில போட்டுட்டீகளா?"

பெரிய சண்டையாகிப் போச்சு. "நம்ம குத்தத்த நாமளே மேடை ஏத்துனா மேல்தெருக்காரன் சிரிக்க மாட்டானா?" என்றான் ஒருத்தன். "இப்ப யாரு சிரிக்கிறாக? நம்மதான சிரிக்கிறோம்?" என்றது சின்னம்மா. பதில் இல்லை. அந்த ரெண்டு சீனையும் ஒண்ணாத் தைச்சோம். வரப்பில் வசவு வாங்கியவனே வீட்டுக்கு வந்து பபூன் ஆவான்.

பொண்டாட்டி வேசத்துக்குப் பொம்பள கிடைக்கல. மேடை ஏறுனா டான்ஸ்காரின்னு பேரு வச்சிருவாகன்னு பயம். ஆத்தா சேலையக் கட்டிக்கிட்டு நானே ஏறுனேன்.

முதல் அறைக்குத் தெரு சிரிச்சது. ரெண்டாவதுக்கும் சிரிச்சது. மூணாவதுக்கு மத்தளம் தட்டக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். தட்டு இல்லாமல் கை மட்டும் விழுந்தது. அப்பவும் ஆம்பளைக பக்கம் சிரிச்சாக. பொம்பளைக பக்கம் சத்தமே இல்ல. என்னைப் பார்க்கல, ஆத்தா கட்டியிருந்த சேலையத்தான் பார்த்துக்கிட்டிருந்தா. அய்யா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதோட அய்யா திருந்திட்டாருன்னு எழுதினா அது பொய். ரெண்டு மாசம் எங்கிட்டப் பேசல. அதுக்கப்புறமும் அடிச்சாரு. ஆனா ஒருநாள் கை ஓங்குனப்ப ஆத்தா சொன்னா: "மத்தளக்காரன் இல்ல, பார்த்து அடி." அவர் கை அப்படியே நின்னுச்சு. எத்தனை நாளைக்கு நின்னுச்சுன்னு கேக்காதீக.

பாமா 1994இல் 'சங்கதி'யில் இதைத்தான் எழுதினார்: வெளியில் அடங்கிப் போகிற ஆம்பள, வீட்டுப் பொம்பளையிடம் அதிகாரம் காட்டுகிற கதை. சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஸ்பெஷல் நாடகம் பற்றி 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்த 'அடிபிடி'யையும் கூட்டத்தின் சிரிப்பையும் ஆராய்ந்திருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு ஆத்தாவின் முந்தானை நினைவுக்கு வந்தது. வலி இல்லாமல் சிரித்தவள் இல்லை அவள். அழுதால் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகணும். சிரிச்சா பக்கத்துல இருக்கிறவளும் சேர்ந்து சிரிப்பா. அந்த ராத்திரி மட்டும் அடி தனக்கு மட்டும் இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சது.

இப்போது எங்கள் மேடைகளில் பறை இருக்கிறது, முழக்கம் இருக்கிறது. சம்சாரியும் போலீசும் தவறாமல் வருகிறார்கள். வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருக்கிறது. தோழர்களே, அடுத்த நாடகத்துக்கு வீட்டுக்குள்ள இருந்து ஆரம்பிங்க. சேலை வேணும்னா ஆத்தாகிட்டக் கேட்டு வாங்குங்க. எதுக்குன்னும் சொல்லிட்டு வாங்குங்க. நான் சொல்லாம எடுத்துட்டேன்.