வாவிக்கரையில் கேட்ட தறிச் சத்தம்



இலங்கையின் மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன் நாடு' என்று சொல்வார்கள். முழு நிலவு இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால், அடியிலிருந்து ஒரு பாட்டு கேட்கும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அந்தப் பாட்டைக் கேட்கும் ஆசையோடுதான் நானும் புறப்பட்டேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் காதில் நிற்பது மீனின் பாட்டு அல்ல. ஒரு தறியின் சத்தம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறினால், பொலன்னறுவையையும் வாழைச்சேனையையும் ஏறாவூரையும் கடந்து இரயில் மட்டக்களப்பில் போய் நிற்கிறது. ஊரை அடைந்ததும் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். சூரியன் எழும் பக்கம் என்பதால் அதற்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. ஊர்களும் கடைகளும் நெருங்கிக் கிடப்பது எழுவான்கரையில். நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில். எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

பாலத்தைக் கடந்து கல்முனை பஸ்ஸில் தெற்கே போனால் சிறிது நேரத்தில் காத்தான்குடி வந்துவிடுகிறது. நடு வீதியில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள்; இரு பக்கமும் துணிக்கடைகள்; எங்கு பார்த்தாலும் பள்ளிவாசல் மினாராக்கள். இலங்கையிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் ஊர்களில் ஒன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு, இங்கே இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சுவரின் குண்டுத் துளைகளைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. போர்க்காலத்தில் படுவான்கரையில் இருந்த தங்கள் வயல்களுக்குப் போக முடியாமல் போனவர்களும் பலர். கொலை ஒரு நாளில் நடந்தது. நிலம் போனவனின் வறுமை பல ஆண்டுகள் நீடித்தது.

நான் தங்கிய வீட்டு ராத்தா, "மருதமுனையைப் பார்க்காமல் போனால் எங்கட பக்கத்தைப் பார்த்ததாகவே ஆகாது" என்றார். மறுநாள் காலை அவரோடு பஸ் ஏறினேன். ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று தமிழ் ஊர்களைக் கடந்து பெரியநீலாவணை தாண்டியதும் மருதமுனை. நிர்வாகக் கணக்கில் இது அம்பாறை மாவட்டம். மண்ணும் பேச்சும் வாவிக்கரைதான்.

கைத்தறிக்குப் பெயர் போன ஊர் அது. நாம் கைலி என்று சொல்வதை அங்கே சாரன் என்கிறார்கள். மருதமுனைச் சாரன் என்றால் இலங்கை முழுவதும் தெரியும். ஒரு சந்துக்குள் நுழைந்ததுமே, டக், டக் என்று தறிச் சத்தம். சகோதரிகளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் பிறந்த மேலப்பாளையத்திலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இந்தச் சத்தம் இருந்ததாக என் உம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது எங்கள் ஊரில் பெண்களின் மடியில் இருப்பது பீடித் தட்டு.

தறியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் உம்மா உட்கார்ந்திருந்தார். கால் மிதிக்கிறது, கை நாடாவைத் தள்ளுகிறது, கண் நூலைவிட்டு அகலவில்லை. ஒரு நூல் அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. பாவு நூலைத் தறியில் பூட்டுவதற்குத் தனிக் கூலி இல்லை. மழைக்காலத்தில் ஈரத்தில் நூல் ஒட்டிக்கொண்டு வேலை நகராத நாட்களுக்கும் கூலி இல்லை. நெய்து மடித்துக் கொடுத்த சாரனுக்கு மட்டும்தான் கூலி. நூல் சுற்றிக் கொடுக்கும் மகளின் உழைப்பும் அந்த ஒரே கூலிக்குள் அடக்கம்.

"கூலி கூடியிருக்கிறதா, உம்மா?" என்று கேட்டேன்.

"கூடினதுதான் மகள். ஆனா முந்தி ஒரு சாரன் காசில அரிசியும் வாங்கி, மீனும் வாங்கி, பிள்ளைக்குக் கொப்பியும் வாங்குவன். இப்ப அரிசியோட சரி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த ஊரின் தறிகள் பார்த்த சோதனைகள் கொஞ்சமல்ல. 1970களின் முற்பகுதியில் இலங்கை வெளிநாட்டுத் துணிக்குக் கதவை இறுக்கி வைத்திருந்தபோது கைத்தறிக்கு நல்ல காலம். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மலிவுத் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமி, கரையோரத்து வீடுகளோடு தறிகளையும் அடித்துச் சென்றது. தப்பிப் பிழைத்தவர்கள் மீண்டும் நெய்ய உட்கார்ந்தார்கள். அதன் பிறகு வந்தது 2022.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த இலங்கை நாணயம், சில மாதங்களில் 360 வரை சரிந்தது. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் விலை ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைக் கணக்கின்படி, ஓராண்டுக்குள் பொருள்களின் விலை 69.8 சதவீதம் கூடியிருந்தது. உணவுப் பொருள்களின் விலை மட்டும் 94.9 சதவீதம். அதாவது, முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு 195 ரூபாய். இதைச் சமையல் அறையில் நின்று எண்ணிப் பாருங்கள். அடுப்பு அதே அடுப்பு. வயிறு அதே வயிறு. கூலி அதே கூலி!

அரசாங்கம் சும்மா இருந்ததா என்று கேட்பீர்கள். இலங்கையில் 2016இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. மாதம் 10,000 ரூபாய் என்றார்கள். ஐந்து ஆண்டுகள் அது அசையவில்லை. 2021இல் 12,500 ஆயிற்று. விலைகள் தீயாய் எரிந்த 2022இலும் அதே 12,500தான். 2024இல் 17,500; 2025 ஏப்ரலில் 27,000; 2026 ஜனவரியில் 30,000. தாமதமானாலும் உயர்ந்தது நல்லதுதான். ஆனால் இது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குப் போய்ச் சேரும் பணம். வீட்டில் தறி வைத்து, நூலை வாங்கி நெய்து கொடுக்கும் அந்த உம்மாவுக்கு முதலாளி யார்? அவர் யாரிடம் போய்ச் சட்டம் பேசுவார்? அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணை 2016ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கூலி போதாத வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் கவலை இன்னும் கனக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மணமகன் பெண் வீட்டில் வந்து குடியிருப்பதுதான் வழக்கம். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோர் கடமை. மூன்று பெண்கள் என்றால் மூன்று வீடு! பெண் தன் தாய் அருகிலேயே வாழ்வது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று முதலில் நினைத்தேன். சிமெந்து விலையைக் கேட்ட பிறகு அதன் மறுபக்கம் புரிந்தது. சிலர் வட்டிக் கடனில் விழுகிறார்கள். நுண்கடன் என்ற பெயரில் வாசலுக்கு வந்த கடன் பெண்களை எவ்வளவு நெருக்கியது என்றால், வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தீர்க்க 2018இல் அரசே ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

வேறு சிலர் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். இதே கிழக்குக் கரையின் மூதூரிலிருந்து, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட ரிஸானா நபீக்கை மறக்க முடியுமா? தன் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் தேதி அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. விறகு வெட்டிப் பிழைத்தவரின் மகள் அவள். தந்தையின் கூலி போதுமானதாக இருந்திருந்தால் அவள் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருந்திருப்பாள்!

மருதமுனையில் நான் ஒரு சாரன் வாங்கினேன். விலை சொன்னதும் பழக்கத்தில் என் வாய், "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றது. அந்த உம்மா மறுக்கவில்லை. "பரவாயில்லை மகள், ஊர்ப் பயணம் வந்த பிள்ளை" என்று சொல்லிக் குறைத்தே கொடுத்தார். வெளியே வந்து பத்து எட்டு நடந்ததும் நெஞ்சு உறுத்தியது. கொழும்பில் கண்ணாடிக் கடையில் ஒட்டிய விலையை நான் பேசாமல் கொடுத்தேன். இங்கே, கண்ணெதிரே வியர்வை வடித்தவரிடம் பேரம் பேசினேன். திரும்பிப் போய் மீதிப் பணத்தை அவர் கையில் வைத்தேன். எவ்வளவோ மறுத்தார். கடைசியில், "துஆ செய்யிறன்" என்றார்.

உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நேரத்தோடு கொடுத்தால் மட்டும் போதுமா? கொடுப்பது அவர் வயிற்றுக்குப் போதுமா என்றும் பார்க்க வேண்டாமா?

அன்று இரவு கல்லடிப் பாலத்தில் நின்றேன். மீன் பாடியதோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. மனதில் ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மேலப்பாளையத்தில் என் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு நான் கடைசியாக எப்போது சம்பளம் கூட்டினேன்? எண்ணிப் பார்த்தேன். மூன்று வருடம் ஆகிவிட்டிருந்தது! அந்த மூன்று வருடத்தில் அரிசி விலை ஏறவில்லையா? எண்ணெய் விலை ஏறவில்லையா? அவளாகக் கேட்கவில்லை என்பதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவள் பயந்திருப்பாள்.

சகோதரிகளே, தறியில் இருப்பவருக்கும் பீடி சுற்றுபவருக்கும் கூலி உயர்த்த அரசும் முதலாளிகளும் மனம் வைக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுச் சமையலறையில் வேலை செய்பவருக்கு அரசும் நீங்கள்தான், முதலாளியும் நீங்கள்தான். இந்த இதழை மூடி வைத்ததும் அவர் சம்பளத்தை ஒரு தரம் கணக்குப் பாருங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

நான் ஊர் வந்த மறுநாளே கூட்டிக் கொடுத்தேன். அவள் பணத்தை இரண்டு தரம் எண்ணிவிட்டு, "தவறிக் கூட வந்திருக்கு ராத்தா" என்று திருப்பி நீட்டினாள்.