நடுவில் நிறுத்திய எண்கள்

எனக்கு எக்செல் நன்றாகத் தெரியும் என்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சில கடைக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நீரூற்றி வளர்த்தவன் நான்தான். துணிக்கடை, பூக்கடை, பாத்திரக்கடை என்று நாலைந்து இடங்களில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கூட்டுத்தொகை ஒரு சென் இடித்தாலும் போன் எனக்குத்தான் வரும்.

2015 ஏப்ரலில் மலேசியாவில் பொருள் சேவை வரி வந்தபோது என் மவுசு ஏறியது. வரி 6 விழுக்காடு. 90 சென் பொருளுக்கு வரி 5.4 சென். இரண்டு தசமத்துக்கு மேல் காட்டாதே என்று சொல்லி வைத்திருப்பதால் திரையில் 0.05 என்று நிற்கும். அப்படி மூன்று வரிகளைக் கண்ணால் கூட்டினால் 15 சென். எக்செல் கூட்டினால் 16. "என்னண்ணே, மெஷினுக்குக் கணக்கு வரலையா?" என்று கேட்ட கடைக்காரர்களுக்கெல்லாம் நான் ஒரே பிரசங்கம் செய்தேன்: செல் காட்டுவது வேறு, செல்லுக்குள் இருப்பது வேறு. பார்மட் என்பது சட்டை. எண் என்பது ஆள். சட்டையை மாற்றினால் ஆள் மாறமாட்டான். வரி 2018-இல் போய்விட்டது. பிரசங்கத்தை மட்டும் நான் விடவில்லை.

இப்படிப் பேசித் திரிந்தவன் செய்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஒரு துணிக்கடை. முதலாளி சேலை வியாபாரத்தில் ஊறியவர். அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் உடுத்துவதைப் பார்த்துவிட்டு, ஜாவாவின் பெக்காலோங்கானிலிருந்து பாத்தேக் துணி தருவிக்க ஆரம்பித்தார். அவர் கணக்கு பழைய பாணி. "சரக்கு மொத்தம் எவ்வளவுக்கு வந்திருக்குன்னு மட்டும் சொல்லு. மீதியை நான் துணியைத் தொட்டுப் பார்த்துப் போட்டுக்கிறேன்" என்பார். என்னிடம் அவர் கேட்டது அந்த ஓர் எண்தான்.

அனுப்பியவர்கள் விலைப்பட்டியலைக் காகிதத்திலும் தந்தார்கள், கணினிக் கோப்பாகவும் தந்தார்கள். கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே பத்தியில் அடைபட்டுக் கிடந்தது, இடையிடையே அரைப்புள்ளிகள். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. நாம் 1,250.50 என்று எழுதுவதை அவர்கள் 1.250,50 என்று எழுதுவார்கள். காற்புள்ளிக்குத் தசம வேலை கொடுத்துவிட்டதால் பத்தி பிரிக்க அரைப்புள்ளி வந்துவிடுகிறது. உலகமே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. 2003-இல் பாரிஸில் கூடிய எடை அளவுப் பொது மாநாடுகூட, தசமக் குறி புள்ளியாகவும் இருக்கலாம், காற்புள்ளியாகவும் இருக்கலாம் என்று சமாதானம் செய்துவிட்டுக் கலைந்தது. ஆயிரங்களைப் பிரிக்க இரண்டுமே வேண்டாம், இடைவெளி விடுங்கள் என்றும் சொன்னது. அதை எந்தக் கடைக்காரர் கேட்டார்?

தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் புது மடிக்கணினியைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். விண்டோஸில் மலாய் மொழியைத் தேர்ந்தெடுத்தவர் மலேசியாவை விட்டுவிட்டு பக்கத்து வரியில் இருந்த புருணையை அழுத்தியிருந்தார். அதே மலாய்தான். ஆனால் புருணை அமைப்பில் தசமம் காற்புள்ளி. 12.50 என்று தட்டினால் எண்ணாகவே ஏற்கவில்லை. ரீஜன் அமைப்புக்குப் போய் மாற்றிவிட்டு, டீயும் வடையும் வாங்கிக்கொண்டு வந்தேன். தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. இந்தியத் தமிழ் என்று வைத்தால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் பிரியும். மலேசியத் தமிழ் என்று வைத்தால் 1,234,567. இதையெல்லாம் அந்தக் கடையில் நின்று விளக்கியவன் நான்.

பெக்காலோங்கான் கோப்புக்கு வருகிறேன். ஒரே பத்தியில் இருப்பதைப் பிரிக்க 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. மூன்று படிகள். இரண்டாம் படியில் அரைப்புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் படியில் 'அட்வான்ஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால், வருகிற கோப்பில் தசமக் குறி எது, ஆயிரக் குறி எது என்று கேட்கும். இந்தச் சிக்கலுக்கென்றே வைத்த பொத்தான் அது. நான் இரண்டாம் படியிலேயே 'ஃபினிஷ்' அடித்துவிட்டேன். பக்கத்து மேசையில் வேலை பழக வந்திருந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமாகச் செய்கிறேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

என்ன நடந்தது என்றால், 1.250.000 ரூபியா என்பது எக்செல்லுக்குப் புரியவில்லை. இரண்டு புள்ளி உள்ள எண் அதன் கணக்கில் எண்ணே இல்லை. எழுத்து என்று இடப்பக்கம் ஒதுக்கிவைத்தது. 850.000 ரூபியா புரிந்தது, தப்பாகப் புரிந்தது. எண்ணூற்று ஐம்பது, தசமத்துக்குப் பின் மூன்று சுழி என்று எடுத்துக்கொண்டு 850 ஆக்கி வலப்பக்கம் நிறுத்தியது. பத்து லட்சத்துக்கு மேலே உள்ளவை இடம், கீழே உள்ளவை வலம். கூட்டுத்தொகை எழுத்துகளைத் தாண்டிப் போய் வெறும் ஆயிரங்களைக் காட்டியது.

"அங்கிள், சிலது லெஃப்ட்ல நிக்குது, சிலது ரைட்ல நிக்குதே?" என்றாள்.

நல்ல கேள்வி. எக்செல்லில் பிழை தேடுபவன் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். எழுத்து இடம் ஒதுங்கும், எண் வலம் ஒதுங்கும். அந்த இடத்தில் நான் கோப்பை மூடிவிட்டு முதலிலிருந்து திறந்திருக்க வேண்டும். "அது சும்மா பார்மட் பிராப்ளம்மா" என்றேன். முழுத் தாளையும் தேர்ந்தெடுத்து, புள்ளி உள்ள இடமெல்லாம் புள்ளியை எடுத்துவிடு என்று 'ரீப்ளேஸ்' கொடுத்தேன். 1.250.000 எல்லாம் 1250000 ஆகி எண்ணாக எழுந்து நின்றன. கூட்டுத்தொகை கோடிகளுக்குத் தாவியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

850-க்குள் எடுக்கப் புள்ளி ஏது? அது 850 ஆகவே இருந்தது. பொதி கட்டும் கூலி 12.500 ரூபியா, முதலில் 12.5 ஆகி, இப்போது புள்ளியும் போய் 125 ஆனது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு நூற்று இருபத்தைந்தாகிவிட்டது. இதன் விஷமம் என்னவென்றால், மொத்தம் நம்பும்படி இருந்தது. பெரிய துணிகளின் கோடிகளுக்கு நடுவே சின்னச் சின்ன வரிகளின் லட்சங்கள் காணாமல் போனது கண்ணில் படவில்லை.

பிறகு நான் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. தாள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எல்லாப் பத்திகளையும் நடுவில் நிறுத்தினேன். அடுத்த முறை இன்னொரு வரி எழுத்தாக வந்து சேர்ந்தால்கூட அது இடம் ஒதுங்கிக் காட்டிக்கொடுக்க வழியில்லாமல் செய்தேன். மேலே பச்சை வண்ணம், எல்லா எண்ணுக்கும் பின்னால் இரண்டு சுழி. 850.00 என்பது ரொம்பவும் மரியாதையாகத் தெரிந்தது.

அந்தப் பெண் விடவில்லை. "செலண்டாங் பத்துப் பீஸ் எண்ணூத்தம்பது ரூபியாவா அங்கிள்? ரொம்ப சீப்பா இருக்கே?"

ஒரு மலேசிய வெள்ளிக்கு அப்போது ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ரூபியா. பத்துத் தோள்துண்டு 850 ரூபியா என்றால் மொத்தமும் சேர்த்து 24 சென். ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். "அந்த வரியை ஆயிரத்துல போட்டிருப்பாங்க, அவங்க வழக்கம் அப்படி" என்றேன். அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆயிரத்தில் போட்டிருந்தால் கூட்டுவதற்கு முன் பெருக்க வேண்டாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பேன்.

பணம் அனுப்ப வங்கிக்குப் போகும்போதுதான் காகிதப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். என் மொத்தத்துக்கும் அதற்கும் ஒரு கோடியே நாற்பது லட்சம் ரூபியா வித்தியாசம். நாலாயிரம் வெள்ளி. அதற்குள் விலைச்சீட்டு ஒட்டி, நோன்புப் பெருநாள் கூட்டத்தில் பாதிச் சரக்கு போய்விட்டது. குறைந்த அடக்கவிலையை நம்பி முதலாளி வைத்த விலை அது.

கோப்பைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புதிதாகத் திறந்து, மூன்றாம் படி வரை போய், அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தி, தசமம் காற்புள்ளி, ஆயிரம் புள்ளி என்று சொன்னதும் எல்லா எண்ணும் ஒழுங்காக வலப்பக்கம் வந்து நின்றன. இதற்கு 'நம்பர்வேல்யூ' என்று ஒரு பார்முலாவும் 2013 முதல் இருக்கிறது. எழுத்தாக வந்த எண்ணையும் இரண்டு குறிகளையும் கொடுத்தால் அதுவே பிரித்துத் தரும்.

முதலாளியிடம் போய், "ரூபியா ரேட் ஏறிடுச்சு பாஸ், அதான் கொஞ்சம் கூட வருது" என்றேன். நாணய மாற்று தினம் ஏறி இறங்குவதுதானே. அவர் நம்பினார். "என்ன செய்யிறது, நம்ம நேரம்" என்றார். அந்தப் பெண் தன் மேசையில் தலைநிமிராமல் ரசீது அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மறுவாரம், ஒன்றும் இல்லாத ஒரு விஷயத்துக்கு அவளைக் கடிந்துகொண்டேன். அது ஏன் என்றும் எனக்குத் தெரியும். பிறகு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளை ஒருநாளும் நான் பாராட்டவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

இப்போது வருகிற கோப்பு எதையும் நான் நடுவில் நிறுத்துவதில்லை. கடைசிப் பக்கத்து மொத்தத்தைப் பார்த்த பிறகுதான் கோப்பையே திறக்கிறேன். இதனால் நான் திருந்திவிட்டேன் என்று ஆகாது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். நாலாயிரம் வெள்ளியைப் பற்றி வாய் திறக்காமல், மாதாமாதம் அதே முதலாளியிடம் சம்பளமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் வாசிப்பவர். நேரில் சொல்லாமல் இப்படி எழுதுவதும் கோழைத்தனம்தான். பாஸ், அந்தப் பட்டியல் இரும்பு அலமாரியில், இறக்குமதி ஃபைலில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அந்த வாரம் ரூபியா ஏறவே இல்லை.