வார்பலகை

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிற்றிதழுக்கு மதிப்புரை எழுதினேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு. ‘உரைநடையை மடக்கிப் போட்டால் கவிதையா?’ என்ற அரதப்பழசான கேலியில் தொடங்கினேன். ஒரு கவிதையில் ‘வார்பலகை’ என்று வந்தது. இது என்ன பலகை, வாசகனை மிரட்டுகிற பலகையா என்று ஒரு முழுப் பத்தி. நண்பர்கள் போன் செய்து சிரித்தார்கள். இனிக்கத்தான் செய்தது.

அந்தப் புத்தகத்தை மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில், அரைத்தூக்கத்தில் வாசித்தேன். கோவில்பட்டி வருவதற்குள் தீர்ப்பு தயார்.

இத்தனைக்கும் கல்லூரியில் குறுந்தொகை நடத்துகிறவன். உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட உரையைப் பிரித்து வைத்துக்கொண்டு, எட்டு அடியைத் தாண்டாத பாட்டுக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பேன். ‘உமணர்’ என்றால் உப்பு வணிகர் என்று பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்வேன். அந்தத் தொகையும் பூரிக்கோ தேர்ந்தெடுத்துத் தந்தது. அவர் ஒதுக்கிய ஓலைகள் எத்தனையோ! சலித்தெடுத்த நானூற்றுச் சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று அச்சானதைப் பார்த்து ‘அதுபோல வருமா?’ என்று கேட்டிருக்கிறேன். பாரதி மகாகவிதானா என்றே சண்டை நடந்த ஊர் இது. கு.ப.ரா.வும் சிட்டியும் அவருக்காக வாதாடிய ‘கண்ணன் என் கவி’ வந்ததும் அதே 1937-இல்தான். இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், யாரோ செய்த தப்பைச் சொல்வது போல.

பிறகொரு நாள் கல்யாணத்துக்குப் போகிற வழியில், தூத்துக்குடி உப்பளத்து ஓரமாக வண்டி பஞ்சர். பாத்திக்குள் ஒருவர் நீளக் கம்பில் பொருத்திய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கால் முழுக்க வெடிப்பு. அது என்ன என்று கேட்டேன்.

“வார்பலகைல்லா” என்றார், நிமிராமலே.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் பெரிதாக ஒரு கேள்விக்குறி. மறுப்பு எழுதியிருக்கலாம், கௌரவம் விடவில்லை.

போன வருடம் ஒரு கூட்டத்தில் அந்தக் கவிஞரைப் பார்த்தேன். திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்தக் கவிதை சுமார்தான் சார். பலகைதான் நெசம்.”