சங்கிலிப் பாறைக்கு அக்கரையில்

எம். புதுப்பட்டியில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மேற்கே மலை தெரியும். கரிசல் காடு, வேலிக்கருவேலம், தள்ளித் தள்ளிக் கட்டிய பயராபீஸ் ரூம்கள், அதற்கெல்லாம் அப்பால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. ஊட்டி, கொடைக்கானலை எங்கள் ஊர்ச் சனம் காலண்டரில் பார்த்ததோடு சரி. எங்களுக்கு வாய்த்த மலை சதுரகிரி. அமாவாசைக்கு அமாவாசை வேன் பிடித்து, அழகாபுரி, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய் இறங்கி, அங்கிருந்து நடை.

பட்டாசு செய்கிற அந்த வெடி ஆபீஸில் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அது சட்டம். வெடிமருந்துக்குப் பக்கத்தில் கூட்டம் ஆகாது. அதனால் ஒரே ஆபீஸில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிற பெண்கள்கூட ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்த்துப் பேசுவது காலையில் வேனிலும், சனிக்கிழமை சம்பளம் வாங்க என் மேசைக்கு முன்னால் நிற்கும்போதும்தான். நான் கணக்கு எழுதுகிறவன். அவர்கள் எல்லாரும் ஒன்றாக வட்டமாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது மலையில்தான்.

அப்போதெல்லாம் ராத்திரி மேலே தங்கலாம். மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பிலாவடி கருப்பசாமி என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே ஏறுவோம். மேலிருந்து இறங்கி வருகிறவர்கள், யார் எவர் என்று இல்லை, “இன்னும் கொஞ்சந் தூரந்தான் சாமி, ஏறுங்க” என்பார்கள். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லில் கால் வலி கொஞ்சம் குறையும். மேலே போனால் கஞ்சி மடத்தில் சூடாகக் கஞ்சி. சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கும்பிட்டுவிட்டு, ஈர விறகுப் புகையும் சாம்பிராணி வாசனையும் கலந்த இருட்டில் வரிசையாகப் படுப்போம். அடுப்பில்லாத, மருந்து வாடை இல்லாத ஒரு ராத்திரி. எங்கள் சித்தி ஒருத்தி அந்தக் குளிரில் போர்வையை இழுத்துக்கொண்டு, “இங்கயே இருந்துட்டா என்ன?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். விடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பி நிற்பவளும் அவள்தான்.

2015 மே மாதம் 11-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. 23-ஆம் தேதி அவர் மறுபடி முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் வந்தது வைகாசி அமாவாசை. ஊர் ஊருக்கு வெடி போட்டார்கள். எங்கள் பக்கம் சரவெடிக்குத் திடீர் கிராக்கி. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் வழக்கம்போல வேன் பேசி, தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு மலைக்குப் போனோம்.

மறுநாள் பிற்பகல் இறங்கிக்கொண்டிருந்தோம். சங்கிலிப் பாறைக்குக் கொஞ்சம் மேலே, ஓடைக் கரையில், வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்தோம். கோடையில் அந்த ஓடை கணுக்கால் அளவுதான் ஓடும். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். பக்கத்துப் பாறையில் வேறொரு கூட்டம். அதில் ஒரு பெண், பச்சைச் சேலை, முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும், வாழை இலைக் கிழிசலில் எலுமிச்சைச் சோறு வைத்து எனக்கும் நீட்டினார். வாங்கும்போது கையைப் பார்த்தேன். ரேகைக்குள்ளேயும் நகக்கண்ணிலும் வெள்ளிப் பொடி. அலுமினியப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் அங்கே தங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அந்தக் கையே போதும், ஆள் யார் என்று சொல்ல.

“எந்த ஆபீஸ் மதினி?”

“திருத்தங்கல் பக்கம். பேன்சி ரகம். நீங்க?”

“புதுப்பட்டி. கணக்கு எழுதுறேன்.”

“அதான் கை சுத்தமா இருக்கு” என்று சிரித்தார். கடைவாய்ப் பக்கம் ஒரு பல் இல்லாத சிரிப்பு. மகனுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரப் போகிறதாம். பாஸாகிவிட்டால் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட வேண்டும், இந்த வாடை அவன் மேல் படக் கூடாது, அதற்குத்தான் மகாலிங்கத்திடம் வந்தேன் என்றார். பக்கத்தில் அவருடைய மாமியார் கால் விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்கவில்லை. மலையில் எல்லாருமே சாமி. யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை.

“பொழுதோட எறங்கிருவோம் தம்பி, அத்தைக்குக் கால் ஆகாது” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் அவர்கள் ஓடையைத் தாண்டிப் போனார்கள். எங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உச்சியில் மட்டும் கறுத்துக் கிடந்தது. ஒன்றிரண்டு தடவை இடி கேட்டது.

அரிசி மூட்டை சுமந்து மேலே ஏறி வந்த மலைவாசிப் பளியர் ஒருவர் எங்களுக்கு எதிரே நின்றார். வயதானவர். மூட்டையை இறக்காமலே ஓடையைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கூழாங்கல் தெரியவில்லை. தண்ணீர் கலங்கி, அதில் சருகும் சுள்ளியும் சுற்றிச் சுற்றி வந்தன. பச்சை இலை கசங்கிய வாசனை, கூடவே புது மண் வாசனை. மழையே பெய்யாத இடத்தில் மழை வாசனை.

“ஏறுங்க” என்றார். “பைய விடுங்க. மேல ஏறுங்க.”

சத்தம் அப்புறம்தான் வந்தது. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள், நான் யாரையோ பிடித்தேன், வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து, முட்டி தேய, சித்தியைக் கீழிருந்து தள்ளி, மேலிருந்து இழுத்து, திரும்பிப் பார்த்தால் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை இல்லை, பை இல்லை, தூக்குவாளி இல்லை, ஓடை இருந்த இடத்தில் மரமும் கல்லும் புரண்டு வந்தன, மழையும் அப்போதுதான் எங்கள் மேல் இறங்கியது.

அக்கரையில், கீழே, பச்சைச் சேலை தெரிந்தது. ஒரு பாறை மேல் ஏறியிருந்தார். ஒரு கை மாமியாரைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை எங்களைப் பார்த்து ஆட்டினாரா, பிடிமானம் தேடினாரா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மழை திரை போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

ராத்திரி முழுக்கச் சரிவிலேயே இருந்தோம். வேட்டியையும் சேலையையும் முடிச்சுப் போட்டு மரத்தோடு சேர்த்துக் கட்டி, சின்னப் பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டோம். அந்தப் பளியர் எங்களோடே இருந்தார். நனைந்த மூட்டையில் இருந்து அரிசியை அள்ளிப் பிள்ளைகளுக்கு மெல்லக் கொடுத்தார். அதை இன்றைக்கும் என் வாய் நினைவில் வைத்திருக்கிறது. தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. விடியும்போது ஓடை மறுபடி சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதது இதுதான். இந்த மலையில் ஆபத்து கால் வைக்கிற இடத்தில் இருப்பதில்லை. உச்சியில் பெய்கிற மழை எல்லாச் சரிவுகளில் இருந்தும் ஒன்றாக இறங்கும். கோடையில் காய்ந்த மண் உறிஞ்சக்கூட நேரம் இருக்காது. அந்த ஒரே ஓடையைப் பாதை திரும்பத் திரும்பக் குறுக்கே தாண்டுகிறது. இரண்டு தாண்டலுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் போகவும் முடியாது, வரவும் முடியாது.

தாணிப்பாறையில் போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். ஈரத்தோடு நின்ற கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூப்பிடப் பெயர் இல்லை. “பச்சைச் சேலை, திருத்தங்கல் பக்கம், வயசான அம்மா ஒருத்தர் கூட” என்று பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். அவரவர் துக்கம் அவரவருக்கு. யார் பதில் சொல்வார்கள்?

பத்திரிகையில் இறந்தவர்களின் பெயர், வயது, ஊர் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். அங்கே பெயர் இருந்தது, முகம் இல்லை. என்னிடம் முகம் இருந்தது, பெயர் இல்லை. அந்தப் பட்டியலில் அவர் இருக்கிறாரா, இல்லை கரை ஏறி வீடு போய்ச் சேர்ந்து மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தாரா, எனக்குத் தெரியாது. திருத்தங்கல் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகள் சிலரிடம் விசாரித்துப் பார்த்தேன். பச்சைச் சேலை என்றால் எந்தப் பச்சைச் சேலை என்றார்கள். சில நாள் கழித்து ஊரில் பதவியேற்பு விழாவுக்கு வெடி போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் சித்தி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மலை மாறிவிட்டது. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் மாதத்துக்குச் சில நாட்கள் மட்டும் அனுமதி என்று பல வருஷம் இருந்தது. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும், ராத்திரி தங்கக் கூடாது, மழை என்றால் தடை. 2021-இல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. மழைக்கு மலையை மூடுவது சரி. அந்தத் தண்ணீரைப் பார்த்த ஒருவன்கூட அதில் மாற்றுக் கருத்து சொல்ல மாட்டான். ராத்திரித் தங்கல் போனதில் மனசு வலித்தாலும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் காலை நேரக் கெடு எங்கள் மாதிரிச் சனத்தைத்தான் அதிகம் இடித்தது. அவசர அவசரமாக ஏறி அவசர அவசரமாக இறங்குகிற வயசான கால்களைப் பார்க்கும்போதெல்லாம், உச்சியில் மழை பெய்தால் கீழே உடனே தெரிவதற்கு ஒரு ஏற்பாடு முதலில் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

2018 மார்ச் 11. இன்னொரு மலை, குரங்கணி. மலையேறப் போன இளம்பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். முடிவில் 23 பேர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பெண்கள் அதிகம். டீக்கடை டிவியில் ஹெலிகாப்டரைக் காட்டினார்கள். அங்கே நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பர்சென்ட்டு?” தீக்காயம் என்றால் எங்கள் ஊரில் அதைத்தான் கேட்பார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டு எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு வழி தெரியும். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காய்ந்த புல்லிலும் காற்றிலும் தீ எப்படி ஓடும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2023 அக்டோபர் 17-ஆம் தேதி எங்கள் புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ரெங்கபாளையத்தில் வெடித்தது. மாதிரிக்கு வெடி போட்டுப் பார்த்த இடத்தில் தீப்பொறி தெறித்தது. இறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மறுபடி ஒரு ஆஸ்பத்திரி வாசல், மறுபடி பெயர்களைக் கூப்பிடுகிற கூட்டம். கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையாக இருந்தால் என்ன, மருந்தாக இருந்தால் என்ன, போகிறது ஒரே சனம்தான். ஒரு நாள் கூலிக்கும் ஒரு நாள் விடுப்புக்கும் நடுவில் வாழ்கிறவர்கள்.

இப்போது அரசே மலையேற்றத்தை நடத்துகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு, வழிகாட்டிகள் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நல்லது. பதிவு என்றால் பெயர் இருக்கும். போகிறவர் யார், திரும்பியவர் யார் என்று கணக்கு இருக்கும்.

எங்கள் வேனுக்கு அந்தக் கணக்கை நான் எழுதுகிறேன். ஏறுவதற்கு முன்னால் பெயர், ஊர், வீட்டு ஆள் போன் நம்பர். பாதையில் வந்து சேருகிறவர்களையும் விடுவதில்லை. ஓடை தாண்டும் முன் ஒரு தடவை, தாண்டிய பின் ஒரு தடவை வாசிப்பேன். இளவட்டங்கள் பொறுமை இழப்பார்கள், இழக்கட்டும். போன அமாவாசைக்கு வழுக்குப் பாறை பக்கம் தனியாக வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை எங்களோடு சேர்த்துக்கொண்டோம். நோட்டை எடுத்தேன்.

“மலையில என்னப்பா பேரு? சாமின்னு எழுதிக்கோ” என்றார்.

“இல்லம்மா. பேரு, ஊரு, எந்த ஆபீஸ். மூணும் சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூன்றையும் சொல்லி, மகள் நம்பரையும் சேர்த்துச் சொன்னார். சரியாக எழுதியிருக்கிறேனா என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார்.