எழுபதாயிரம் ரூபாய்க்குப் பாட்டு

2023 தொடக்கத்தில் சோனி இந்தியாவில் விற்பனைக்கு விட்ட இசட்எக்ஸ் 707 வாக்மேனின் விலை 69,990 ரூபாய். அதில் போன் பேச முடியாது, போட்டோ எடுக்க முடியாது. பாட்டு கேட்கலாம். 2016இல் தங்க முலாம் பூசிய செம்பு உடம்போடு 3,200 டாலருக்கே ஒன்றை அதே கம்பெனி இறக்கியிருந்தது. எங்கள் மேச்சேரி ஆட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே இந்த விலையைச் சொன்னால் மனசுக்குள் உடனே ஆட்டுக் கணக்குதான் ஓடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா பையன் அந்த 707ஐ வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு வந்தான். கிட்டத்தட்ட அதே தொகையை நானும் சேர்த்து வைத்திருந்தேன். இதே மாதிரி ஒன்றுக்காகத்தான். "கேட்டுப் பாரு மாப்ள, இதுவரைக்கும் போன்ல நீ கேட்டது பாட்டே இல்ல" என்றான்.

கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுபதாயிரத்தைக் கையில் பிடித்திருக்கும்போது நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? அதனால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஃபைலில் பாட்டு எண்களாக இருக்கிறது. ஒரு சிப் அந்த எண்களை மின்னோட்டமாக மாற்றுகிறது, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் அதை இயர்போனுக்குத் தள்ளுகிறது. 1982இல் வந்த சிடியே நொடிக்கு 44,100 மாதிரிகளை, ஒவ்வொன்றும் 16 பிட்டாக எடுத்தது. சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு அது போதும். நல்ல இளவயதுக் காது கேட்பதே 20,000 வரைதான். ஹை-ரெஸ் என்று 96,000, 192,000 போடும் ஃபைல்களின் கூடுதல் சரக்கு பெரும்பாலும் காது எட்டாத இடத்தில் இருக்கிறது. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். உயர்தரப் பதிவை அப்படியே ஒருமுறையும், சிடி தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். சாதாரண சத்த அளவில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் சோதனைக்கு ராத்திரி பத்தரை வரை காத்திருந்தோம். பக்கத்துப் பட்டறையில் தறிகள் நின்றால்தான் எதுவும் காதில் விழும். ஒரு பக்கம் 707. இன்னொரு பக்கம் என் போன், அதில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய டைப்-சி டாங்கிள். ஒரே ஃபைல், ஒரே இயர்போன். சத்தம் துளி கூடினாலும் அதுதான் நல்ல சாமான் என்று மூளை தீர்ப்பு சொல்லிவிடும் என்பதால், மல்டிமீட்டர் வைத்து இரண்டின் வோல்டேஜையும் சமமாக்கினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு அவன் கேட்டான், நான் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இருபது சுற்றில் பதினொன்று சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும்.

அடுத்து பிளேயரை மாற்றாமல் இயர்போனை மட்டும் மாற்றினோம். முதல் ஐந்து நொடியிலேயே வித்தியாசம் தெரிந்தது. அதைவிடப் பெரிய வித்தியாசம் பதிவில் இருக்கிறது. நாம் உயிரை விடும் எண்பதுகளின் பாடல்களில் பல, தேய்ந்த கேசட்டிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டுச் சுற்றிக்கொண்டிருப்பவை. டேப்பின் 'உஸ்ஸ்' சத்தமும் கூடவே வரும். எழுபதாயிரம் ரூபாய் பிளேயர் அந்த 'உஸ்ஸை' இன்னும் நேர்மையாகக் காட்டும். போனதை மீட்டுத் தராது.

"அப்ப நான் வாங்குனது தண்டமா?" என்றான். தண்டமில்லை. மின்தடை அதிகமான பெரிய ஹெட்போன்களை ஓட்டப் போனுக்குத் தெம்பு பத்தாது, இதற்கு உண்டு. வாட்ஸப்பை எட்டிப் பார்க்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாட்டு கேட்கிறான், அதுவும் லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் கூடுதல் காசு ஒலிக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது.

நான் வாங்கவில்லை. வீட்டில் இன்னொரு காது இருந்தது.

அப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்தின் இரைச்சல் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பே 90தான். இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. ச, ஸ, ஃப எல்லாம் மங்கிவிடும். "சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல" என்பார். சேலத்தில் எடுத்த பரிசோதனை அட்டையில் கோடு 3,000இல் சரிய ஆரம்பித்துக் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. அந்த அட்டையே 8,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். நாங்கள் ராத்திரி சண்டை போட்டதெல்லாம் 20,000க்கு மேலே.

காது மெஷினும் ஒரு டிஜிட்டல் பிளேயர்தான். ஒலியை எண்ணாக்கி, அவரவர் காதுக்குத் தக்கபடி திருத்தி, மறுபடி ஒலியாக்குகிறது. இதில் விலைக்கு அர்த்தம் உண்டு, ஆனால் எல்லா விலைக்கும் இல்லை. சேர்த்த பணம் இரண்டு காதுக்கும் நடுத்தரமான ஒரு ஜோடிக்குச் சரியாக இருந்தது.

முதல் நாள் போனில் அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். "புல்லாங்குழல் ஏன்டா நடுங்குது?" என்றார். மெஷின் பேச்சுக்காகச் செய்தது. குழலின் நீண்ட ஒற்றை ஸ்வரத்தைத் தன்னுடைய 'கீச்' சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறது. மறுபடி சேலம் போய், அந்த அடக்கலைக் குறைத்து, இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டு வாங்கி வந்தோம். நடுக்கம் போனது. "பழைய மாதிரி இல்ல. ஆனா வார்த்தை தெரியுது" என்றார்.

இப்போது அதே பட்டறையில் தம்பி தறி ஓட்டுகிறான். காதில் சொருகும் ஸ்பாஞ்சு அடைப்பான் ஒரு ஜோடி சில பத்து ரூபாய்தான். வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டினால் தறியின் சத்தம் மாறுவது தெரியவில்லை, நூல் அறுந்தால் துணி வீணாகிவிடும் என்று கழற்றி வைத்துவிடுகிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் தினமும் காலையில் அவன் சட்டைப்பையில் ஒரு ஜோடியைப் போட்டு அனுப்புகிறேன்.