நோர்வே மலைவீதியில் ஒரு நாள்

நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவையும் மேற்குக் கரைத் துறைமுகமாகிய பேர்கனையும் இணைக்கும் வீதிகளுள் ஈ-16 என்னும் பெருவீதி தனிச்சிறப்பு வாய்ந்தது. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரம் அது ஏரிக்கரைகளைத் தழுவியும், பனிமலை மீதேறியும், மலைவயிற்றைத் துளைத்தும் செல்கின்றது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவ்வழியே ஒரு நாள் முழுவதும் பயணஞ் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வண்டியைச் செலுத்தியவள் என் தமையனாரின் மகள். அவள் ஒஸ்லோவில் மருத்துவத் தாதியாகப் பணியாற்றுபவள்.

வண்டியோ மின்சாரத்தால் ஓடுவது. அந்நாட்டில் இஃதொரு புதுமையன்று. 2024-ஆம் ஆண்டில் அங்கு புதிதாகப் பதிவு செய்யப்பட்ட கார்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்களே. மலையாறுகளின் வலிமையாற் பிறக்கும் மின்சாரம் அங்கு மிகுதி. ஆயினும் என் கருத்தைக் கவர்ந்தது வண்டியின் எரிபொருளன்று. அது தன் சாரதிக்குச் செய்த பணிவிடைகளே என்னைப் பெரிதும் ஈர்த்தன.

நகரத்தின் காலை நெரிசலில் அப்பணிவிடையை முதலிற் கண்டேன். முன்னே செல்லும் வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் காரின் முகப்பிலுள்ள ராடர் அளந்துகொண்டேயிருக்கின்றது. முன் வாகனம் தயங்கினால் இதுவும் தயங்குகின்றது; அது நின்றால் இதுவும் நிற்கின்றது; அது நகர்ந்தால் இதுவும் பின்தொடர்கின்றது. முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கமரா வீதியின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துச் சுக்கானை மெல்லத் திருப்புகின்றது. பெருமகளின் கைகள் சுக்கான்மேல் இருந்தன, கால்களுக்கோ வேலையில்லை.

“அப்படியாயின் நீ எதற்கு, பிள்ளை?” என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

“பார்த்துக்கொண்டிருப்பதற்கு, சித்தப்பா” என்றாள்.

அது வெறும் நகைச்சுவையன்று. தானியங்கும் ஆற்றலைப் பொறியியலாளர் 0 முதல் 5 வரை படிகளாக வகுத்துள்ளனர். அவளுடைய காரின் உதவிகள் 2-ஆம் படியைச் சேர்ந்தவை. அப்படியில் வண்டி தானே திரும்பலாம், விரையலாம், நிற்கலாம். ஆனால் வீதியைக் கண்காணிக்கும் பொறுப்பு முழுவதும் சாரதியுடையதே. சுக்கானிற் கை இருப்பதை உணராவிடின் வண்டி முதலிற் படம் காட்டுகின்றது; பின்னர் மணியடிக்கின்றது. நம்மூரில் வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் பழகிய மாடு வீடு சேர்த்துவிடும் என்பார்கள். இந்த மாடு அத்தகையதன்று. எசமானைத் தூங்கவே விடாத மாடு.

சில வேளைகளில் அதன் விழிப்பு தொல்லையாகவும் முடிந்தது. கிளைவீதிக்குரிய வேகப் பலகையைத் தனக்குரியதெனக் கருதி, குற்றமற்ற சாரதியைக் கண்டித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் வேக எல்லையை உணர்த்தும் கருவி கட்டாயமாகும். அதனை நிறுத்தி வைத்தாலும், மறுமுறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் விழித்துக்கொள்ளும். “நல்ல எண்ணந்தான், வாய் சற்று நீளம்” என்று சிரித்தாள் அவள்.

பகர்னெஸ் என்னும் சிற்றூரில் வண்டிக்கு மின்சாரமும் எமக்குக் காப்பியும் ஏற்றிக்கொண்டு, பிலெபியெல் மலையில் ஏறத் தொடங்கினோம். வீதி அங்கே சுமார் 1,000 மீற்றர் உயரத்தை அடைகின்றது. கீழே வசந்தம், மேலே பனிமாரி. வெள்ளைக் கோடுகள் பனியினடியில் மறைந்தன. சிறிது நேரத்தில் ராடரின் முகத்திலும் பனி அப்பிக்கொண்டது. உதவிகள் இனிக் கிடையா என்று ஓர் அறிவிப்பு திரையில் தோன்றியது. அவ்வளவுதான், காலைமுதல் உடன் வந்த துணைவன் மிகவும் வேண்டிய இடத்தில் விடைபெற்றுக்கொண்டான்!

ஆனால் பெருமகள் அறிவிப்புக்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தாள். “சித்தப்பா, கொஞ்ச நேரம் பேசாதிருங்கள்” என்றாள். எதிரே பாரவண்டியொன்று பனிப்புகையை வாரியிறைத்துக்கொண்டு கடந்தது. சில கணங்கள் வீதியே தெரியவில்லை. வீதியோரத்தில் நாட்டியிருந்த கம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கி, அரைமணி நேரம் அவள் தனியே வண்டியை நடத்தினாள். நான் மூச்சு விட்டது மலையின் மறுபுறத்திலேதான்.

இறக்கத்தில் வேறொரு விந்தை. அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைக் குறைத்து, பற்றரிக்கு மின்சாரம் ஊட்டியது. 2,000 கிலோகிராம் நிறையுள்ள கார் 1,000 மீற்றர் ஏறும்போது ஏறத்தாழ 5 அலகு மின்சாரத்துக்கு ஒப்பான சக்தியைச் சேமித்து வைக்கின்றது. முழுவதும் அல்லாவிடினும் அதில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கின்றது.

அப்பால் வந்தது லார்டால் சுரங்கப்பாதை. 24.5 கிலோமீற்றர் நீளமுடைய இது 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் சென்றாலும் 18 நிமிடங்கள் மலைக்குள் இருக்கவேண்டும். மாறாத இருளில் சாரதிக்குச் சலிப்பும் உறக்கமும் வருமென்று அஞ்சி, இடையிடையே மூன்று பெரிய குகைகளை அமைத்து நீலவொளி பாய்ச்சியுள்ளனர். அடியோரங்களில் மஞ்சள் விளக்குகள் எரிய, விடியற்காலை வானம் மலைக்குள் இறங்கியது போன்ற தோற்றம்!

அங்கே உதவிகள் மீண்டும் வேலை செய்தன. வண்டி கோட்டைப் பிடித்து அமைதியாக ஓடியது. அப்போது அவள் சொன்னாள்: “பனியில் எனக்குப் பயமில்லை, சித்தப்பா, அங்கே தூக்கம் வராது. இப்படி எல்லாம் சுகமாக நடக்கும் இடத்திலேதான் பயம். இரவுக் கடமை முடிந்த காலைகளில் நான் இந்தக் காரைத் தொடுவதில்லை. பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போவேன். கார் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் கண்ணை மூட வைத்துவிடும்.”

மலைக்குள் நீலவொளி ஏற்றியவர்களும் காருக்குள் மணி கட்டியவர்களும் கருதிய பகை ஒன்றே என்பது அப்போது விளங்கியது. ஆயின் ஒளியும் மணியும் தட்டியெழுப்பலாமேயன்றி மனிதனுக்காக விழித்திருக்கமாட்டா. தன் களைப்பைத் தானே அறிந்து வண்டியை வீட்டில் விட்டுச் செல்லும் அறிவு எந்தக் கமராவுக்கும் இல்லை.

வொஸ் நகரில் மழை எம்மை எதிர்கொண்டது. மின்சாரம் ஏறும் நேரத்திற் பெருமகள் ஒரு துணியை எடுத்து, மலைச் சேறு படிந்திருந்த ராடரின் முகத்தையும் கமராவின் முன்னுள்ள கண்ணாடியையும் நன்கு துடைத்தாள். பின்னர் தன் மூக்குக்கண்ணாடியையும் துடைத்து அணிந்துகொண்டு, பேர்கனை நோக்கி வண்டியைச் செலுத்தினாள்.