ஜாவா வாங்கப் போன கதை

"சார், ஜாவா வாங்கிட்டீங்களா?" என்று போனில் கேட்பவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பயிற்சி முடித்து நான் முதலில் சேர்ந்த பள்ளியில் தலைமையாசிரியர் ஜாவாவில் வருவார். ஊர் எல்லையில் அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிடும். எனக்குச் சைக்கிள்தான், பிறகு டி.வி.எஸ். 50. அன்றிலிருந்தே ஒரு ஆசை.

ஜாவா, செக்கோஸ்லோவாகியா நாட்டு வண்டி. 1929-ல் ஜானெசெக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மாடலை எடுத்துத் தயாரித்தார். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் 'ஜாவா'. 1961 முதல் மைசூரில் தயாரானது. 1973-ல் யெஸ்டி ஆனது. 1996-ல் ஆலையை மூடிவிட்டார்கள்.

போன மாதம் வேடசந்தூர் பக்கம் 1971 மாடல் ஒன்று விலைக்கு வந்தது. மகளின் கல்லூரி ஃபீஸுக்காக விற்கிறார். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. புத்தகத்தில் மதுரை மாவட்டம் என்றிருந்தது. 1985 வரை நம் திண்டுக்கல் மதுரையோடுதானே இருந்தது!

பத்துத் தடவை உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. திண்ணையில் இருந்த பெரியவர் கம்பை ஊன்றி எழுந்து வந்தார். கார்புரேட்டர் பொத்தானை அமுக்கினார். ஒரே உதை. அதே கிக்கரை முன்னால் தள்ளினார், கியர் ஆகிவிட்டது. புகையும் ஆயில் வாசனையும் வாசலெல்லாம்.

"இதுலதான் வீட்டுக்காரிய பிரசவத்துக்குத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனேன். அந்தா வெலை பேசுறானே, அவன்தான் பொறந்தான்."

அட்வான்ஸ் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். "ஐயா மனசாரச் சொன்னா மட்டும் கூப்பிடுங்க தம்பி" என்று சொல்லி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் ஃபீஸை நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் மகன் அழைத்தார். "சார், பேத்தி படிப்புக்குன்னா குடுத்துருன்னுட்டார். ஆனா நிறுத்தி அழகு பார்க்கிறவனுக்கு வேண்டாமாம், ஓட்டுற வாத்தியாருக்குத்தானாம். மாசம் ஒருதடவை கொண்டுவந்து சத்தம் காட்டணுமாம்."

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். இனி மாதத்தின் முதல் ஞாயிறு வேடசந்தூர்தான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அப்பாவின் பழைய வண்டி தூசி படிந்து நிற்கலாம். காயலான் கடைக்காரரிடம் விலை கேட்கும் முன், அப்பாவிடம் அதன் கதையைக் கேளுங்கள்.